ஏழு மாதமாக மாதவிலக்கு இல்லை, மகளை ஓடவிடலாமா?

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பயிற்சி மையமும் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். 1500 மீட்டரும் 3000 மீட்டரும் ஓடுகிறாள். போன வருடம் குடியரசு தினத் தடகளப் போட்டியில் மாநில அளவு வரை போனவள். 12 வயதில் வயதுக்கு வந்தவளுக்கு மாதாமாதம் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது. கடைசி ஏழு மாதமாக வரவில்லை. இதே காலத்தில் எடை 47 கிலோவிலிருந்து 42 ஆகியிருக்கிறது. இடது முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் ஒரு மாதமாக வலி. தைலம் தேய்த்து, டேப் ஒட்டிக்கொண்டு ஓடுகிறாள். மூன்று வாரத்தில் மாவட்டப் போட்டி.

மாதவிலக்கு நின்றதைத் தாய் தயங்கித் தயங்கிச் சொன்னபோது பயிற்சியாளர் சிரித்தாராம். "நல்லதுதானேம்மா, பெரிய ரன்னருங்களுக்கெல்லாம் அப்படித்தான். உடம்பு லேசாகிடுச்சுன்னு அர்த்தம்." அவர் சனிக்கிழமைதோறும் பெண்களை மைதானத்திலேயே, பையன்கள் பார்க்க, எடை போடுகிறார். எடையைப் பெயரோடு பலகையில் எழுதுகிறார். அரைக் கிலோ கூடினால், "பின்னாடி மூட்டை கட்டிக்கிட்டு ஓடுறியா?" என்று கேட்கிறார். மைதானத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அதனால் அந்தப் பெண் பயிற்சி உள்ள நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. வீட்டில் மாமியார், "ஓடி ஓடிக் கர்ப்பப்பை காய்ஞ்சுபோச்சு, நாளைக்கு யார் கட்டிக்குவா?" என்கிறார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஐந்து நாள் மாத்திரைக்கும் ஒன்றும் வரவில்லை. உறவினர் ஒருவர், பாலினச் சோதனையால் பதக்கத்தை இழந்த ஓட்டக்காரி சாந்தி சௌந்தரராஜனைச் சொல்லி, "சாந்திக்கு நடந்த மாதிரி இவளுக்கும் டெஸ்ட் எடுத்துடப் போறாங்க" என்று வேறு பயமுறுத்தியிருக்கிறார்.

ஓட்டத்தை நிறுத்திவிடலாமா, வேறு மாத்திரை கொடுத்து வரவைக்கலாமா, பயிற்சியாளரைக் கேள்வி கேட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைக்க வேண்டிய காலேஜ் சீட் போய்விடுமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் அந்த மாவட்டப் போட்டியில் ஓட வேண்டாம். வலி ஒரே இடத்தில் இருக்கிறது, விரலை வைத்துக் காட்டுகிறாள், இரவில் படுத்த பிறகும் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தசைப் பிடிப்பு பொதுவாக இப்படி நடந்துகொள்ளாது. எலும்பில் மயிரிழை அளவுக்கு விரிசல் விழுந்திருக்கலாம். மருத்துவத்தில் இதை ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்போம். ஓய்வு கொடுத்தால் சாதாரணமாக ஆறிலிருந்து எட்டு வாரத்தில் கூடும். அதன் மேலேயே ஓடினால் முழுதாக முறியவும் செய்யும். ஆகவே இந்த வாரமே எலும்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரே எடுத்து, "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். முதல் சில வாரங்களில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம், எம்.ஆர்.ஐ.யில்தான் பிடிபடும். "ஏழு மாதமாக மாதவிலக்கும் இல்லை" என்பதை அவரிடமும் சொல்லுங்கள். எலும்பு டாக்டரிடம் இதை எதற்குச் சொல்வது என்று தோன்றும். இந்தப் பெண்ணின் விஷயத்தில் இரண்டும் ஒரே நோயாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எப்படி என்று சொல்கிறேன்.

மாதவிலக்கு ஏன் நின்றது?

மாதச் செலவுக்குப் பணம் போதாத வீட்டில் அரிசியையும் கரண்ட் பில்லையும் நிறுத்த மாட்டோம், வெள்ளையடிப்பதைத்தான் தள்ளிப்போடுவோம். உடம்பும் அப்படித்தான் கணக்குப் போடுகிறது. இதயம், மூளை, மூச்சு இதற்கெல்லாம் கொடுத்துவிட்டு, மிச்சம் இல்லாதபோது இனப்பெருக்க வேலையை ஒத்திவைக்கிறது. மூளையிலிருந்து சினைப்பைக்குப் போக வேண்டிய உத்தரவு குறைகிறது. சினைப்பை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரப்பதைக் குறைக்கிறது. கர்ப்பப்பையின் உட்சவ்வு வளர்வதில்லை. வளராதது எப்படி வெளியேறும்? மருந்துக்கடை மாத்திரைக்கு ஒன்றும் வரவில்லை என்று கவலைப்பட்டீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அது சாதாரணமாகப் புரோஜெஸ்டரோன் வகை மாத்திரையாக இருக்கும். ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் சவ்வைத்தான் அதனால் வெளியேற்ற முடியும். நீங்கள் தெரியாமல் செய்தது ஒரு சோதனை மாதிரி ஆகிவிட்டது. ஈஸ்ட்ரோஜன் குறைவு என்று அது கோடி காட்டுகிறது.

அந்த ஈஸ்ட்ரோஜன்தான் எலும்புக்கும் காவல். ஒரு பெண் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்துவைக்கும் எலும்பு வலுவில் ஏறத்தாழ 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. உங்கள் மகள் இப்போது சேர்க்க வேண்டிய காலத்தில் இழந்துகொண்டிருக்கிறாள். ஏழு மாதம் சிறிய காலம் இல்லை. ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. இதற்காக உங்களைக் குற்றம் சொல்லவில்லை. பயிற்சி தருகிறவரே நல்லது என்றால் எந்தத் தாயும் நம்பத்தான் செய்வாள்.

இந்த நிலைக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. போதாத சாப்பாடு, நின்றுபோன மாதவிலக்கு, பலவீனமான எலும்பு மூன்றையும் சேர்த்து, பெண் விளையாட்டு வீரர்களின் முக்கோணம் என்று 1990களிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதை விரிவுபடுத்தி ரெட்-எஸ் என்று பெயரிட்டது, 2023இல் மறுபடியும் புதுப்பித்தது. விளையாட்டுக்குச் செலவானது போக உடம்பு நடத்த மிச்சம் போதாத நிலை என்று புரிந்துகொள்ளுங்கள். பையன்களுக்கும் வரும். ஆனால் அவர்களுக்கு மாதாமாதம் வந்து எச்சரிக்கிற ஒன்று இல்லை. பெண்களுக்கு அந்த எச்சரிக்கை இருந்தும், அதைப் பதக்கத்துக்கான அறிகுறி என்று சொல்லிக்கொடுத்துவிட்டோம்.

உங்கள் மகள் ஒரு நாளில் சாப்பிடுவதை வரிசையாக எழுதியிருந்தது எனக்கு மிகவும் உதவியாக இருந்தது. காலைப் பயிற்சிக்கு வெறும் வயிறு, பிறகு இரண்டு இட்லி, மதியம் பாதி திரும்பி வரும் தயிர்சாத டப்பா, இரவு இரண்டு சப்பாத்தி. எண்ணெயும் முட்டையும் நிறுத்தியாகிவிட்டது. உத்தேசமாகப் பார்த்தால் 1200 கலோரி தேறினால் அதிகம். காலையும் மாலையும் ஓடுவதற்கு 450 போல் போய்விடும். மிச்சம் 750. கொழுப்பு நீங்கலாக அவள் உடம்பு 35 கிலோ என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 45 கலோரி வீதம் 1575 மிஞ்ச வேண்டும். 30 வீதத்துக்குக் கீழே, அதாவது 1050க்குக் கீழே போனால் சிக்கல்கள் தொடங்குகின்றன என்பது ஆய்வாளர்களின் பொதுவான கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும், கோடு கிழித்த எல்லை அல்ல. ஆனால் 750 என்பது எந்தக் கணக்கிலும் பட்டினிதான். சோறு சாப்பிட்டுக்கொண்டே இருக்கிற பட்டினி என்பதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

மாமியாரும் பயிற்சியாளரும்

உங்கள் மாமியார் சொன்னதை நீங்கள் பாதி நம்புகிறீர்கள் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. ஏதோ சரியில்லை என்று வீட்டில் முதலில் கவனித்தவர் அவர்தான், அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்துவிடுவோம். ஆனால் காரணம் தவறு. ஓடுவதால் கர்ப்பப்பை காயாது, இறங்காது, நகராது.

இந்தப் பயம் நம் ஊர்ப் பாட்டிகளோடு பிறந்ததும் இல்லை. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையோடு ஜெயித்தார். முடிவுக் கோட்டைத் தாண்டிய சிலர் களைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்ததையும் படுத்ததையும் பார்த்துவிட்டு, பெண் உடம்பு இதைத் தாங்காது என்று பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. ஆண்களும் ஓடி முடித்தால் அப்படித்தான் விழுவார்கள், அதை யாரும் எழுதுவதில்லை. 800 மீட்டரைப் பெண்களுக்கு மறுபடி வைக்க 1960 ரோம் ஒலிம்பிக் வரை ஆனது. மாரத்தான் 1984இல்தான் வந்தது. படித்த ஐரோப்பிய ஆண்களும் அவர்களுடைய மருத்துவர்களும் பரப்பிய கதை இது. நம் வீட்டுப் பெரியவர்கள் அதைச் சொன்னால் மட்டும் அறியாமை என்று சிரிக்கிறோம். மேரி கோம் 2007இல் இரட்டைக் குழந்தை பெற்று, 2008இல் திரும்ப உலக சாம்பியன் ஆனார் என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். என் அனுபவத்தில் ஆராய்ச்சிகளைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

பயிற்சியாளர் சொன்னது இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அது நிபுணர் வாயிலிருந்து வருகிறது. "பெரிய ரன்னருங்களுக்கெல்லாம் அப்படித்தான்" என்பதில் ஓர் உண்மை இருக்கிறது. பலருக்கு நிற்கிறதுதான். அதனால் பலர் முறிந்தும் போயிருக்கிறார்கள். அமெரிக்காவின் மேரி கெய்ன் உங்கள் மகளைப் போலவே 1500 மீட்டர் ஓட்டக்காரி. 17 வயதில், 2013 மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பில் இறுதிச்சுற்று ஓடியவர். பிறகு தன்னைச் சக வீரர்கள் முன்னால் எடை போட்டார்கள், மெலிந்துகொண்டே போகச் சொன்னார்கள், மூன்று ஆண்டுகள் மாதவிலக்கு வரவில்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன என்று 2019இல் வெளிப்படையாகச் சொன்னார். உலகத்தின் பெரிய பயிற்சிக் கூடங்களில் ஒன்றைப் பற்றிய குற்றச்சாட்டு அது. உங்கள் ஊர் மைதானத்துப் பலகையும் அதே வழியில்தான் போகிறது.

13 வயதுக்கு மேல் பெண்ணின் இடுப்பு அகலும், கொழுப்பு சற்றுக் கூடும், ஓட்ட நேரம் ஒரு வருடம், இரண்டு வருடம் தேங்கி நிற்கலாம். இது வளர்ச்சி. அந்தத் தேக்கத்தைப் பொறுமையாகத் தாண்டியவர்கள் அப்புறம் முன்பைவிட வேகமாக ஓடுகிறார்கள். பையனுக்கு அதே வயதில் தசை கூடி நேரம் குறைகிறது. பெண்ணையும் அதே அட்டவணையில் வைத்துப் பார்க்கிறவருக்கு அவள் சோம்பேறியாகத் தெரிகிறாள், அல்லது குண்டாகத் தெரிகிறாள். விளையாட்டு ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி ஆண்களை வைத்தே செய்யப்பட்டவை, பயிற்சி முறைகளும் அங்கிருந்து வந்தவை. உங்கள் பயிற்சியாளர் கெட்டவர் என்று நான் முடிவு கட்டவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த அறியாமையின் விலையை உங்கள் மகளின் கால் எலும்பு கொடுக்கிறது. மாமியார் ஓட்டத்தைக் குறை சொல்கிறார், பயிற்சியாளர் உடம்பைக் குறை சொல்கிறார். சாப்பாட்டுத் தட்டை இருவருமே பார்க்கவில்லை.

சாந்தியைச் சொல்லிப் பயமுறுத்திய உறவினருக்கு

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து போன சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தரங்கமாக இருக்க வேண்டிய விவரம் தொலைக்காட்சியில் ஓடியது. அவருக்கு நடந்தது அநீதி. அதை வைத்து இன்னொரு பெண்ணைப் பயமுறுத்துவது அந்த அநீதியைத் தொடர்வது மாதிரிதான்.

உங்கள் மகளுக்கு நான்கு ஆண்டுகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிலக்கு, சாப்பாடு குறைந்து எடை இறங்கிய அதே காலத்தில் நின்றிருக்கிறது. இதற்கும் அந்தச் சோதனைகளுக்கும் சம்பந்தமே இல்லை. உறவினருக்கு இதற்கு மேல் எந்த விளக்கமும் நீங்கள் தர வேண்டியதில்லை.

என்ன சோதனைகள், என்ன சிகிச்சை?

மகப்பேறு மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். சாப்பாடுதான் காரணம் என்று நான் ஊகித்தாலும், நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் கோளாறு, பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பைக் கோளாறு போன்றவற்றை முதலில் விலக்க வேண்டும். எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ராடியோல், டி.எஸ்.எச்., புரோலாக்டின், வைட்டமின் டி அளவுகளுக்கு ரத்தப் பரிசோதனையும் ஓர் அல்ட்ராசவுண்டும் கேட்பார்கள். கர்ப்பப் பரிசோதனையும் எழுதுவார்கள். யாருக்கு மாதவிலக்கு நின்றாலும் முதலில் செய்கிற வழக்கமான சோதனை அது, மகள் மீது சந்தேகம் என்று எடுத்துக்கொண்டு மருத்துவமனையிலேயே சண்டை போடாதீர்கள். எலும்பில் விரிசல் உறுதியானால் டெக்ஸா என்ற எலும்பு அடர்த்தி ஸ்கேனும் எடுத்துவிடுவது நல்லது.

ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே இரும்புச் சேமிப்பு தீர்ந்துபோகும், அதை ஃபெரிட்டின்தான் காட்டும். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மைதானத்தில் மூச்சு வாங்கி நிற்கிற பெண்ணுக்கு "மனசு பலம் இல்லை" என்று பட்டம் கொடுக்கும் முன் இதைப் பார்க்கலாம். அரசுப் பள்ளியில் வாரம் ஒரு முறை தருகிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தோழிகள் ஜன்னல் வழியே எறிகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மகளாவது விழுங்கட்டும், டீயோடு சேர்த்து வேண்டாம்.

இனி மாத்திரை கொடுத்து வரவைப்பது பற்றி. கருத்தடை மாத்திரை கொடுத்தால் மாதாமாதம் ரத்தம் வரும். பார்க்க எல்லாம் சரியான மாதிரி இருக்கும். அது மாத்திரையை நிறுத்துவதால் வருகிற ரத்தம், சினைப்பை வேலை செய்ததால் வருவது இல்லை. எலும்பு உள்ளே கரைந்துகொண்டே இருக்கும், நமக்குத் தெரிவிக்க வேண்டிய அறிகுறி மட்டும் மறைந்துவிடும். வேறு நோய்களுக்கு அந்த மாத்திரை தேவைப்படலாம், அதை மருத்துவர் சொல்லட்டும். இந்த வகைக்கு முதல் மருந்து சாப்பாடும் ஓய்வும்தான்.

போட்டி நாளில் மாதவிலக்கு வராமல் தள்ளிப்போட நார்எதிஸ்டிரோன் மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கிப் போடுகிற பழக்கமும் பயிற்சி மையத்துப் பெண்களிடம் இருப்பதாகச் சொல்கிறீர்கள். எப்போதாவது ஒரு முறை, மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு ஆபத்தில்லை. ரத்தக்கட்டு, கல்லீரல் கோளாறு, கடுமையான ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் தாங்களாக எடுக்கவே கூடாது. ஊக்கமருந்துச் சோதனை நடக்கும் அளவுக்குப் போகும்போது அந்த மாத்திரையைப் படிவத்தில் கட்டாயம் எழுத வேண்டும். அது தடைசெய்யப்பட்ட மருந்து இல்லை, ஆனால் உடம்பில் சிதையும்போது நாண்ட்ரோலோன் என்ற தடைசெய்யப்பட்ட மருந்தின் அடையாளத்தைச் சிறுநீரில் காட்டக்கூடும். மாதவிலக்கோடு போட்டி போடுவது பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் சீன நீச்சல் வீராங்கனை ஃபூ யுவான்ஹுய் கேமரா முன்னாலேயே சொன்னார். 2024 பாரிஸில் பதக்கத்தை நூலிழையில் விட்ட பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவும், அன்று தனக்கு மூன்றாம் நாள் என்று சொன்னார்.

சாப்பாட்டில் என்ன மாற்றலாம்?

தனியாகப் புரதப் பவுடர் டப்பா வாங்க வேண்டாம், உங்கள் வருமானத்துக்கு அது தேவையில்லாத செலவு. காலைப் பயிற்சிக்குக் கிளம்பும் முன் ஒரு வாழைப்பழமோ இரண்டு கடலை மிட்டாயோ. பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் முட்டையும் ஒரு டம்ளர் பாலும். அதற்குப் பிறகுதான் இட்லி, அதுவும் இரண்டோடு நிற்காமல் நான்கு, சாம்பாரோடு. மதியம் தயிர்சாதம் மட்டும் போதாது, பருப்போ மீனோ இருக்கட்டும். நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு, களியோ கூழோ அடையோ எதுவும் சரி. மாலையில் சுண்டல். நிறுத்திய எண்ணெயைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

எடை இரண்டு, மூன்று கிலோ கூடும். கூட வேண்டும். இதுதான் அவளுக்குக் கஷ்டமான இடம், ஏனென்றால் ஒவ்வொரு சனிக்கிழமையும் பலகையைப் பார்த்துப் பழகியவள். சாப்பிடப் பயப்படுகிறாள், சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாள், ஒளித்து வைக்கிறாள் என்று எதையாவது பார்த்தால் உடனே மனநல மருத்துவர் வேண்டும். அதைப் பிடிவாதம் என்று திட்டித் தீர்க்க முடியாது.

மாதவிலக்கு அடுத்த மாதமே வந்துவிடாது. சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். எலும்பு தேற அதைவிட நாளாகும். அதுவரை ஓட்டத்தை மொத்தமாக மறக்க வேண்டியதில்லை. மருத்துவர் அனுமதித்ததும் சைக்கிள், நீச்சல், பிறகு நடை, பிறகு மெதுவான ஓட்டம் என்று படிப்படியாகத் திரும்பலாம். நிரந்தரமாக நிறுத்தச் சொன்னால் உங்கள் மாமியார் மகிழ்வார். ஆனால் ஓட்டம் எலும்புக்கும் மனதுக்கும் செய்கிற நல்லதெல்லாம் போய்விடும். அவள் இத்தனை வருடம் உழைத்ததும் போகும்.

தண்ணீர் விஷயத்தைச் சாதாரணமாக விடாதீர்கள். வெயிலில் ஓடும் பெண் தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் இருந்தால் நீர்க்கடுப்பு அடிக்கடி வரும், வெயில் மயக்கமும் வரும். பெற்றோர் நான்கு பேர் சேர்ந்து, மைதானத்துக்குப் பக்கத்தில் உள்ள பள்ளியிலோ அலுவலகத்திலோ கழிப்பறைச் சாவி கேளுங்கள். கட்டித்தரச் சொல்லி மனுவும் கொடுங்கள், ஆனால் மனு பலிக்கும்வரை காத்திருக்க முடியாது. உடையில் கறை தெரிந்துவிடும் என்று பயந்தால் அடர்நிற ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளட்டும். இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணியே 2023இல் வெள்ளை ஷார்ட்ஸிலிருந்து நீலத்துக்கு மாறிவிட்டது.

பயிற்சியாளரிடம் பேசுவது

தனியாகப் போகாதீர்கள். கணவரோ இன்னொரு பெண்ணின் பெற்றோரோ கூட வரட்டும். கையில் மருத்துவர் எழுதிய சீட்டு இருக்கட்டும். இன்ன தேதி வரை ஓட்டம் இல்லை, எடை போடுதல் இல்லை, எடைக் குறைப்பு இல்லை என்று அதில் எழுதி வாங்குங்கள். எல்லாப் பெண்களையும் எடை போடுவதையே நிறுத்தச் சொல்லுங்கள். எடை தெரிய வேண்டும் என்றால் மருத்துவர் தனியாகப் பார்த்துக்கொள்வார். சண்டையாக இல்லாமல், "சார், இவ காலு சரியாகணும், நீங்கதான் ஒத்துழைக்கணும்" என்று ஆரம்பித்தால் பல பயிற்சியாளர்கள் இறங்கி வருகிறார்கள்.

கோட்டா பற்றிய உங்கள் பயம் புரிகிறது. ஆனால் இதுவரை வாங்கிய சான்றிதழ்கள் போட்டி நடத்தியவர்கள் கொடுத்தவை. அவற்றை ஒரு பயிற்சியாளர் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. மூலச் சான்றிதழ்கள் பயிற்சி மையத்தில் இருந்தால் இப்போதே கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. ஒரு மாவட்டப் போட்டியை விட்டால் அடுத்தது இருக்கிறது. கால் முறிந்தால் அந்த வருடமே போய்விடும்.

அவருடைய பேச்சு எந்த வகை என்பதை நீங்கள்தான் மகளிடம் பக்குவமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உடம்பைக் கேலி செய்வதோடு நிற்கிறதா, அல்லது தொடுதல், இரவு நேர மெசேஜ், தனியாக வரச் சொல்லுதல் என்று ஏதாவது உண்டா? நான் வக்கீல் இல்லை, ஆனாலும் இதைத் தெரிந்துவைத்திருப்பது எங்கள் தொழிலுக்கும் கட்டாயம். 18 வயதுக்குக் கீழே உள்ள எவரிடமும் பாலியல் நோக்கத்தோடு பேசுவதும் சைகை செய்வதும்கூட 2012 போக்சோ சட்டப்படி குற்றம், தொட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அப்படி ஒன்று தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் என்னிடம் சொன்னால் எனக்கும் அந்தக் கடமை உண்டு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டத்தில் விளையாட்டுப் பயிற்சி மையமும் மைதானமும் போட்டி நடக்கும் இடமும் பணியிடம் என்ற சொல்லுக்குள்ளேயே வருகின்றன. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மையம் என்றால் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், இல்லாத இடத்துக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. 2023இல் மல்யுத்த வீராங்கனைகள் டெல்லியில் தெருவில் உட்கார்ந்தபோதுதான் இந்தக் குழுக்கள் எத்தனை சங்கங்களில் ஒழுங்காக இருக்கின்றன என்ற கேள்வியே நாட்டில் எழுந்தது. வெளியூர்ப் போட்டிக்குப் பெண்களை அழைத்துப் போகும்போது கூட ஒரு பெண் பயிற்சியாளர் வர வேண்டும் என்று இந்திய விளையாட்டு ஆணையம் 2022இல் தேசிய அணிகளுக்கு விதித்தது. உங்கள் மையத்திலும் அதைக் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை.

வெறும் கேலிதான், வேறொன்றும் இல்லை என்று தெரிந்தாலும், மையத்தை நடத்துபவரிடம் எழுத்தில் கொடுங்கள். தேதி போட்டு, நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் பலகை சனிக்கிழமை வந்து நின்றால் வேறு மையம் பார்ப்பதே நல்லது. பயணம் அரை மணி கூடினாலும் பரவாயில்லை.

மகளிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். 16 வயதுப் பெண்ணிடம் "உனக்குப் பின்னால் குழந்தை பிறக்காது" என்று ஆரம்பிக்காதீர்கள். அது உண்மையும் இல்லை, அவள் காதிலும் ஏறாது. "இப்படியே போனால் உன்னால் 1500 ஓட முடியாது" என்பதில் தொடங்குங்கள், அது அவளுக்கு உறைக்கும். இந்தக் கடிதத்தை அவளே படிக்கட்டும். ஒரு நோட்டில் சாப்பிட்டது, தூங்கிய நேரம், கால் வலி, மாதவிலக்குத் தேதி நான்கையும் எழுதிவரச் சொல்லுங்கள். எடையை மட்டும் எழுத வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும், மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். எம்.ஆர்.ஐ., ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்ததும், பெயரை மறைத்து நகலை எனக்கு அனுப்பினால் ஓட்டத்துக்குத் திரும்பும் அட்டவணை பற்றி எழுதுகிறேன்.